குடும்ப தர்ம நிதியங்களும் மன்னார்க் கரையின் சங்கங்களும்

ஒரு குடும்பம் தன் செல்வத்தில் ஒரு பகுதியைப் பிரித்து, அது மீண்டும் தன் பிள்ளைகளுக்கோ தன் வியாபாரத்துக்கோ திரும்பி வராத விதமாகத் தர்மத்துக்கென்று சாசனம் எழுதி வைக்குமானால், அதனோடு அக்குடும்பத்தின் கடமை பூர்த்தியாகிவிட்டதென்று நம்மவர்களிற் பலர் கருதுகின்றனர். எழுதி வைப்பது ஒரு நாள் வேலை. எழுதி வைத்த பொருளை ஆண்டுதோறும் யாரிடம் ஒப்படைப்பது, எந்த நிபந்தனையின் பேரில் ஒப்படைப்பது, ஒப்படைத்தபின் எவ்வளவு தூரம் உடன் செல்வது, எந்த இடத்தில் விலகி நிற்பது என்று தீர்மானிப்பது தலைமுறை தலைமுறையாகச் செய்ய வேண்டிய வேலை. இந்த இரண்டாவது வேலையைப் பற்றித் தமிழில் நாம் அதிகம் ஆலோசித்ததில்லை. அதற்குக் காரணமும் உண்டு. நம் முன்னோரின் அறக்கட்டளைகளில் பெறுபவர் யார் என்பது பெரும்பாலும் சாசனத்திலேயே முடிந்துபோன விஷயம். இன்ன கோயிலுக்கு இன்ன விளக்கு, இன்ன திருவிழாவில் இன்ன நாள் அன்னதானம், இன்ன மடத்துக்கு இன்ன வயலின் விளைச்சல் என்று எழுதிவிட்டால், பின்வந்த தர்மகர்த்தாவுக்கு எஞ்சியது நிர்வாகம் மட்டுமே. தற்காலத்துக் குடும்ப நிதியமோ, பெரும்பாலும் தானே பள்ளிக்கூடமோ வைத்தியசாலையோ நடத்தாமல், அவற்றை நடத்துகின்ற பிற ஸ்தாபனங்களைத் தேர்ந்தெடுத்துப் பொருள் கொடுப்பது; ஆகவே தேர்வு என்பதே அதன் தொழில். அந்தத் தொழில் எவ்வாறு நடக்கிறது, எவ்வாறு நடக்க வேண்டும் என்பதை இலங்கையின் மன்னார்த் தீவையும் அதனை அடுத்த பெருநிலக் கரையையும் முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் உத்தேசம்.

மன்னார் மாவட்டம் மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளைக் கொண்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த ஜனத்தொகை. கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமூகத்தவரும் பேசாலைக்கும் எருக்கலம்பிட்டிக்கும் இடையே உள்ளது போன்ற சிறு தூரங்களுக்குள் அயலவராக வாழ்கின்ற பிரதேசம். கட்டுக்கரைக் குளத்தின் நீரும் மன்னார் வளைகுடாவின் கடலும் தவிர வேறு பெரிய மூலதனம் இங்கே இல்லை. ஒரு காலத்தில் முத்து இருந்தது. 1905இல் மரிச்சுக்கட்டிக் கரையில் நடந்த முத்துக்குளிப்பு பல்லாயிரம் ஜனங்களை அந்த மணற்பரப்புக்கு இழுத்தது. அதற்கு மறு வருஷம் முத்துப் பார்கள் ஒரு லண்டன் கம்பெனிக்கு 20 வருஷக் குத்தகைக்குப் போயின. சில பருவங்களுக்குள் சிப்பி அற்றுப்போயிற்று. அந்த முத்தின் இலாபம் அரசாங்கத்தின் திறைசேரிக்கும் குத்தகைக்காரருக்கும் தூரதேசத்து வியாபாரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இதனால்தான், செட்டிநாட்டிலோ கொழும்பிலோ காணப்படுவது போன்று மண்ணோடு வேரூன்றிய பெருஞ்செல்வக் குடும்பமும், அதன் பெயரால் அமைந்த தர்ம நிதியும் மன்னாரில் எளிதில் முளைக்கவில்லை. இக்கரைக்குப் பெருங்கொடை வந்ததெல்லாம் அநேகமாக வெளியிலிருந்து வந்ததே. திருக்கேதீச்சரத்தைப் பாருங்கள்: போர்த்துக்கீசரால் அழிவுற்ற அக்கோயிலை மீளக் கட்ட வேண்டுமென்று 1872இல் குரல் எழுப்பியவர் நல்லூர் ஆறுமுக நாவலர், 1890களில் நிலத்தை மீட்டுச் சிறு கோயில் எழும்ப முன்னின்றவர்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இருந்தனர், 1948இல் திருப்பணிச் சபை அமைந்தபோது அதனைத் தாங்கியவர் கொழும்பில் உயர்பதவி வகித்த சேர் கந்தையா வைத்தியநாதன். கொடுப்பவர் தூரத்திலும் பெறுபவர் கரையிலுமாக இருக்கின்ற இந்த நிலைமை இன்றும் மாறவில்லை. தூரம் மாத்திரம் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் நீண்டிருக்கிறது.

பெறுபவர் யார் என்ற கேள்விக்கு மன்னாரில் விடை சொல்வது எளிதன்று. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, ஏறத்தாழ 75,000 என்று மதிப்பிடப்பட்ட அந்த ஜனங்களில் மிகப் பெரிய பகுதியினர் மன்னாரைச் சேர்ந்தவர்கள். அவர்களிற் பலர் படகேறிக் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் இறங்கினர். தமிழர்களும் யுத்தத்தால் பலமுறை இடம்பெயர்ந்து, மடுவிலும் காடுகளிலும் இந்தியக் கரையிலும் தஞ்சம் புகுந்தனர். 2009இல் யுத்தம் முடிந்தபின் இரு சாராரும் திரும்பி வந்தபோது ஒரே காணிக்கு இரண்டு உரித்து, ஒரே கரைக்கு இரண்டு வாடி, ஒரே பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பெற்றோர் கூட்டம் என்ற நிலைமை பல கிராமங்களில் உண்டாயிற்று. இத்தகைய இடத்தில் ஒரு சங்கத்துக்குப் பணம் கொடுப்பது அச்சங்கத்துக்கு மட்டும் கொடுப்பதாகாது. அயலிலுள்ள மற்றச் சங்கத்துக்குக் கொடாதிருப்பதும் ஆகும். தேர்வு செய்கிற நிதியம் இதனை முதலில் உணர வேண்டும்.

நிதியத்தின் சட்ட வடிவத்தைப் பற்றி நெடுக எழுத வேண்டியதில்லை. இலங்கையில் குடும்ப நிதியங்கள் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக்கள் கட்டளைச் சட்டத்தின் கீழோ, உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட கம்பெனியாகவோ அமைகின்றன. வடிவத்தைக் காட்டிலும் முக்கியமானது, நிறுவினவர் மறைந்தபின் அவர் உத்தேசத்தை யார் காப்பது என்பது. 1794இல் காலமான, சென்னையைச் சேர்ந்த பச்சையப்ப முதலியாரின் உயில் இதற்கு நம்மிடையே உள்ள பெரும் பாடம். தர்மத்துக்கென்று அவர் எழுதி வைத்த பொருள் உறவினர் கைகளில் சிக்கி, நெடுங்காலம் வழக்காகி, மதராஸ் சுப்ரீம் கோர்ட்டின் ஏற்பாட்டினால் மீட்கப்பட்டு, மிஞ்சிய நிதியிலிருந்து 1842இல் ஒரு பள்ளிக்கூடமாக எழுந்தது. பச்சையப்பன் கல்லூரி இன்று எத்தனையோ ஆயிரம் பேருக்கு வாழ்வளித்திருக்கிறது. ஆயினும் இடையில் ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட ஏழைகளுக்கு அந்தப் பணம் உரியபடி பயன்படவில்லை என்பதையும் மறத்தலாகாது. குடும்பத்தார் மட்டும் அமர்ந்திருக்கிற நிர்வாக சபையில், குடும்பத்துக்கு வெளியே இரண்டொருவரேனும், கூடுமானால் பணம் சென்று சேரும் பிரதேசத்தவர் ஒருவரேனும் வாக்குரிமையுடன் இருத்தல் வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

இலங்கைத் தமிழரிடையே இத்துறையில் எடுத்துக்காட்டத் தகுந்த ஸ்தாபனம் நீலன் திருச்செல்வம் நம்பிக்கை நிதியம். சட்ட அறிஞரும் பாராளுமன்ற உறுப்பினருமாயிருந்த நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29இல் கொழும்பில் தற்கொலைக் குண்டுதாரியால் கொல்லப்பட்டார். அவர் பெயரால் அமைந்த இந்நிதியம், அவருக்குச் சிலை வைக்கவோ நினைவு மண்டபம் எழுப்பவோ முற்படாமல், வடக்கு கிழக்கு உட்பட நாட்டின் பல பாகங்களிலும் உள்ள சிறிய சமூக அமைப்புகளுக்கு நிதி வழங்குவதையே தன் பணியாகக் கொண்டது. அவருடைய மனைவியார் சிதி திருச்செல்வம் தம் வாழ்நாளில் அதனை முன்னின்று நடத்தினார். மனித உரிமை, சமூக நீதி, இன நல்லிணக்கம் என்ற விஷயங்களுக்கு உள்நாட்டிலேயே கொடுப்பவர் மிகச் சிலர். கட்டடத்துக்கும் கிணற்றுக்கும் கொடுப்பவர் பலர். கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கொடுக்க ஒரு குடும்பம் துணிந்ததில்தான் இந்நிதியத்தின் மேன்மை இருக்கிறது. அத்தகைய கொடைக்கு அரசாங்கத்தின் சந்தேகப் பார்வையும் உடன்வரும் என்பதை அதன் அனுபவமே காட்டுகிறது.

அரசாங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் தேர்வைப் பற்றிச் சொல்ல முடியாது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்களைப் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் உட்படுத்தியது. பதிவுகளைக் கவனிக்கிற செயலகம் சில காலங்களில் பாதுகாப்பு அமைச்சின் கீழும் இருந்ததுண்டு. 2009இன் பின் வடக்கில் வேலை செய்ய விரும்பிய நிறுவனங்கள் யாவும் ஜனாதிபதி செயலணியின் அங்கீகாரம் பெற வேண்டியதாயிற்று. வீடு, வீதி, படகு என்றால் அனுமதி கிடைத்தது. உளவளத்துணை, பெண்களின் உரிமை, காணாமற்போனோர் குடும்பங்களின் ஒன்றுகூடல் என்றால் கோப்பு அங்கேயே தங்கிவிட்டது. இதன் விளைவாக, கணவனைத் தேடி அலைகிற பெண்ணுக்குத் தையல் மெஷின் கிடைத்தது. அவள் கேட்ட விடயத்துக்கு ஒரு உதவியும் கிடைக்கவில்லை. கொடுக்கிற நிதியம் தான் தேர்ந்தெடுப்பதாக எண்ணிக்கொண்டிருக்கையில், அனுமதிக்கப்பட்டவற்றுள் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை உணர்ந்திருப்பது நலம்.

வழக்கமான தேர்வு முறை எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றே. நிதியம் தன் விருப்பத் துறையை அறிவிக்கிறது, நிறுவனங்கள் முன்மொழிவு அனுப்புகின்றன, பதிவுப் பத்திரம், யாப்பு, கணக்காய்வு அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியன பார்க்கப்படுகின்றன, ஒருவர் நேரில் போய் வருகிறார், சபை கூடி முடிவு செய்கிறது, தவணை தவணையாகப் பணம் போகிறது, அறிக்கை வருகிறது. இந்த முறையில் தவறென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மன்னாரில் இது யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நகரத்தில் அலுவலகமும், ஆங்கிலம் எழுதத் தெரிந்த செயற்றிட்ட உத்தியோகத்தரும், முந்திய நிதி வழங்குநரின் நற்சாட்சியும் உள்ள நிறுவனம் தேறும். சிலாவத்துறைக்குத் தெற்கே பாலைக்குழியிலோ கரடிக்குழியிலோ மாதந்தோறும் ஒரு மரத்தடியில் கூடுகின்ற மாதர் சங்கம் விண்ணப்பப் படிவத்தைக் கூடப் பார்த்திராது. படிவம் தமிழில் இல்லாமலும், அதை நிரப்பி உதவ ஒருவர் இல்லாமலும், நாங்கள் விளிம்பிலுள்ள ஜனங்களையே நாடுகிறோம் என்று ஒரு நிதியம் அறிவிப்பது பயனற்ற செயல்.

அத்தகைய ஒரு சங்கத்தின் தகுதியை அறிய வேண்டுமானால் பார்க்க வேண்டிய பத்திரம் வேறொன்று. கிராமத்து மாதர் சங்கங்களிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிலும் கூட்டறிக்கைப் புத்தகம் என்று ஒன்று இருக்கும். நீல மட்டையிட்ட நீண்ட கொப்பி. பெட்டகத்திலோ செயலாளர் வீட்டு அலுமாரியிலோ பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருப்பார்கள். அதைப் பொறுமையாகப் புரட்டினால், வந்தோர் கையொப்பங்கள் மாதத்துக்கு மாதம் கூடுகின்றனவா குறைகின்றனவா என்பது தெரியும். எப்போதும் ஒரே பெண்தான் பேசியிருக்கிறாளா, வேறு பெண்களின் பெயர்களும் வருகின்றனவா என்பது தெரியும். சந்தா கட்டாதவரை என்ன செய்தார்கள், கடன் திருப்பாத உறுப்பினரின் வீட்டில் மரணம் நேர்ந்தபோது என்ன தீர்மானம் எடுத்தார்கள், தலைவியின் சொந்தக்காரருக்குக் கடன் கொடுத்தபோது யாரேனும் ஆட்சேபித்தார்களா என்பதெல்லாம் அங்கே மையினால் எழுதப்பட்டிருக்கும். இடப்பெயர்வின்போது தேதிகள் அறுந்துபோய், சில மாதங்களுக்குப் பின் வேறொரு முகாமின் பெயரை மேலே எழுதி அதே கையெழுத்தில் கூட்டம் மறுபடி ஆரம்பமாகியிருக்குமானால், அந்தச் சங்கத்துக்கு வேறு எந்த நற்சாட்சியும் தேவையில்லை. எந்தக் கணக்காய்வாளரின் அறிக்கையும் சொல்லாததை அந்தக் கொப்பி சொல்லும். ஒரு நிதியம் தன் பிரதிநிதியை மன்னாருக்கு அனுப்பும்போது, இரண்டு நாளில் பத்து நிறுவனங்களைப் பார்த்துவரச் சொல்லாமல், இரண்டு சங்கங்களின் கொப்பிகளை உட்கார்ந்து வாசித்துவரச் சொல்ல வேண்டும்.

சங்கத்தின் அங்கத்தவர் யார் என்பதும் அதே அளவு முக்கியம். மன்னார் மாதர் அபிவிருத்தி ஒன்றியம், யுத்தம் தமிழரையும் முஸ்லிம்களையும் பிரித்துவைத்திருந்த காலத்திலேயே இரு சமூகத்துப் பெண்களையும் சேமிப்பு, சிறுகடன், வன்முறைக்கு எதிரான பணி ஆகியவற்றில் ஒன்றாக அமர்த்திய அமைப்பு. அதனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷிறீன் சரூர் 1990இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். கத்தோலிக்க மறைமாவட்டத்தின் சமூகப் பணி நிறுவனமாகிய வாழ்வுதயம், மெசிடோ என்ற அமைப்பு முதலியனவும் தத்தம் வழியில் பல காலம் உழைத்து வருகின்றன. ஒரு சமூகத்தவர் மட்டும் கூடுகிற சங்கம் உதவிக்குத் தகுதியற்றது என்று நான் சொல்லவில்லை. மரண உதவிச் சங்கமும் மீனவர் சங்கமும் இயல்பாகவே ஒரு கிராமத்தவருடையவை. ஆனால் ஒரு நிதியம் தன் கொடைகளைத் தொகுத்துப் பார்க்கையில், அவை எல்லாம் ஒரு கோயிலையோ ஒரு தேவாலயத்தையோ ஒரு பள்ளிவாசலையோ சுற்றியே விழுந்திருக்குமானால், அது தேர்வு செய்யவில்லை. தன் உறவினரைக் கண்டுபிடித்திருக்கிறது. புலம்பெயர்ந்த நம் குடும்பங்களின் கொடையில் இக்குறை மிகுதியாகக் காணப்படுகிறது. சொந்த ஊர்ப் பற்று நல்லதே. அது மட்டுமே அளவுகோலானால் பழைய மாணவர் சங்கம் உள்ள பாடசாலைக்கு மூன்றாவது மாடியும், பழைய மாணவர்கள் அகதிகளாய்ச் சிதறிப்போன முசலிப் பாடசாலைக்குக் கூரையின்மையும் மிஞ்சும்.

தேர்ந்தபின் ஆதரிப்பது எப்படி என்பது அடுத்த பிரச்சினை. என் கருத்தில் இதுவே பெரிய பிரச்சினை. பணத்தைச் செயற்றிட்டத்துக்கென்று கட்டிக் கொடுப்பதா, ஸ்தாபனத்தின் பொதுச் செலவுக்குக் கொடுப்பதா? 2009க்குப் பின் வன்னியிலும் மன்னாரிலும் ஆடு, கோழி, தையல் மெஷின், வலை என்று வாழ்வாதார உதவிகள் கிராமம் கிராமமாக இறங்கின. ஒரே கிராமத்தில் தையல் மெஷின்கள் பெருகியபோது தைப்பதற்குத் துணியும் இல்லை, தைத்ததை வாங்க ஆளும் இல்லை. பள்ளிமுனையிலும் விடத்தல்தீவிலும் பெண்கள் நண்டு வலையிலிருந்து நண்டைக் கழற்றுகிற வேலையைக் கவனித்தவர்களுக்கு, அவர்களுக்கு வேண்டியது இன்னொரு வலை அன்று என்பது உடனே விளங்கும். கால் முறியாமல் கழற்றிய நண்டுக்கு ஒரு விலை, முறிந்ததற்கு வேறொரு விலை. நிறுக்கிற தராசும் ஐஸும் வாங்குகிறவனுடையவை. முற்பணம் கொடுத்தவனும் அவனே. ஆகவே விலையைச் சொல்கிறவனும் அவனே. சொந்தத் தராசும், ஐஸ் பெட்டியும், கணக்கெழுத ஒரு பெண்ணின் சம்பளமும் சங்கத்துக்கு இருந்தால் அந்த நிலைமை மாறும். கணக்கெழுதும் பெண்ணின் சம்பளத்துக்குத்தான் எந்த நிதியமும் பணம் தருவதில்லை. அது நிர்வாகச் செலவாம்.

இந்த நிர்வாகச் செலவு என்ற பயம் உலகெங்கும் உள்ளது. இந்தியாவில் வெளிநாட்டு நிதி பற்றிய சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், அந்நிதியில் நிர்வாகத்துக்கு 50 வீதம் வரை செலவிடலாமென்று இருந்ததை 20 வீதமாகக் குறைத்ததோடு, ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறொரு சிறு நிறுவனத்துக்குக் கொடுப்பதையும் தடுத்துவிட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களின் சிறு சங்கங்கள் பெரிய நிறுவனங்களின் மூலம் பெற்றுவந்த உதவி அதனால் அறுந்தது. இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவில் மெக்கென்சி ஸ்கொட் என்ற அம்மையார் 2020 முதல், அநேகமாக விண்ணப்பமே கேளாமல், தாமே விசாரித்துத் தேர்ந்த நிறுவனங்களுக்கு எந்தக் கட்டுப்பாடுமின்றிப் பெருந்தொகைகளை வழங்கி வருகிறார். பெருஞ்செல்வர் செய்வதைச் சிறு குடும்ப நிதியம் அப்படியே செய்ய இயலாது. ஆயினும் நம்பத் தகுந்தவரைத் தேட அதிகக் காலம் செலவிட்டு, தேடியபின் நம்பிவிடுவது என்ற அந்த முறை சிறு நிதியத்துக்கே மிகவும் பொருந்தும்.

பெறுபவரும் தம் பங்கு போட வேண்டுமென்ற நிபந்தனை ஒன்று உண்டு. அதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி ஜூலியஸ் ரோசன்வால்ட் 1917இல் நிறுவிய நிதியம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கென 5,000க்கு அண்மித்த பாடசாலைகள் எழ அவர் கொடை உதவிற்று. ஊரவரும் பணமாகவோ மரமாகவோ உழைப்பாகவோ தம் பங்கைக் கொடுத்தால்தான் அவர் பங்கு வரும். அப்பாடசாலைகள் ஊரவரின் சொந்தமாக விளங்கியதற்கு அது காரணம். அதே வேளையில், வரியும் கட்டி, அந்த வரியில் தமக்குரிய பங்கு மறுக்கப்பட்டு, மீண்டும் பள்ளிக்கூடத்துக்குக் கையிலிருந்து கொடுத்த ஏழைகள் இருமுறை செலுத்தினார்கள் என்ற கண்டனமும் நியாயமானதே. மன்னாரில் சங்கத்தின் பங்காக ரொக்கம் கேட்கிற நிதியம், அந்த ரொக்கம் எங்கிருந்து வருமென்று விசாரிக்க வேண்டும். வடக்கின் பெண்கள் நுண்கடன் கம்பெனிகளிடம் அமிழ்ந்து, அரசாங்கமே 2018இல் வட்டிக்கு உச்சவரம்பு விதித்து, வரட்சி மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்த அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. தர்மத்துக்குப் பங்கு கட்ட இன்னொரு கடன் வாங்கச் செய்வது தர்மமாகாது.

பணத்தின் தோற்றுவாயையும் சங்கங்கள் கேட்க வேண்டும். கேட்கும் உரிமை அவற்றுக்குண்டு. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 30 காற்றாலைகளைத் தொடர்ந்து மேலும் காற்றாலைகளும், கனிய மணல் அகழ்வும் திட்டமிடப்பட்டபோது, வெள்ளம் வடியாமை, கரைவலைப் பாடுகள், மீன்பாடு என்று ஜனங்கள் கவலை கொண்டு போராடினார்கள். இத்தகைய சர்ச்சை நடக்கிற கரையில் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி பெறுகிற சங்கம், நாளைக்கு ஊருக்காகப் பேச வேண்டிய வேளையில் வாய் திறப்பது கடினம். குடும்ப நிதியத்தின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. அதற்குத் தீவில் காணியோ குத்தகையோ வேண்டியதில்லை.

கால அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கச் சட்டம் தனியார் நிதியங்கள் தம் சொத்தில் ஏறத்தாழ 5 வீதத்தை ஆண்டுதோறும் வழங்கியாக வேண்டுமென்கிறது. எத்தனை ஆண்டு ஒரே நிறுவனத்தோடு நிற்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. வழக்கம் என்னவோ ஒன்று முதல் மூன்று ஆண்டு. முள்ளிக்குளத்து ஜனங்கள் 2007இல் ஊரைவிட்டு அகற்றப்பட்டார்கள். கடற்படை அங்கே தளம் அமைத்தது. காணியில் ஒரு பகுதியையாவது விடுவிப்பதாக அறிவிப்பு வந்தது 2017இல், தொடர் போராட்டத்துக்குப் பின். மூன்று வருஷச் செயற்றிட்டம் அந்தப் பத்து வருஷத்தில் எந்த மூன்றைத் தேர்ந்திருக்கும்? எந்த மூன்றைத் தேர்ந்திருந்தாலும் அதன் முடிவறிக்கையில் தோல்வி என்றே எழுத நேர்ந்திருக்கும்.

வெளிநாடுகளிலும் கொழும்பிலும் பெற்றோர் பெயரால் நிதியம் நிறுவ எண்ணியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன என்பதை அறிவேன். அவர்களை நான் வேண்டிக்கொள்வது இது: மன்னாரில் இருபது சங்கங்களுக்கு ஆளுக்கொரு காசோலை எழுதாதீர்கள், மூன்று சங்கங்களைத் தேர்ந்து, மூன்றும் ஒரே சமூகத்தவையாக இராதபடி பார்த்து, பத்து ஆண்டுகள் உடன் நில்லுங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வருஷத்துக் கொடையில் கணக்கெழுதுபவரின் சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் சேருங்கள். உங்கள் நிதியத்தின் வரவு செலவையும் அந்தச் சங்கங்களுக்கு வருஷந்தோறும் தமிழில் அனுப்புங்கள். அவர்கள் கணக்கைக் கேட்கிற நீங்கள் உங்கள் கணக்கையும் அவர்கள் முன் வைத்தாக வேண்டும்.